மனநல மருத்துவம் படிக்க எத்தனை விண்ணப்பம்? ஒரு பழைய கதை

அமெரிக்காவில் மனநல மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற விரும்பும் இளம் மருத்துவர்கள், செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். எத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போடுவது? 20 போதுமா, 60 வேண்டுமா, 100-ஐத் தாண்ட வேண்டுமா? இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அந்த வழியில் போகும் பிள்ளைகள் நம் புதுச்சேரியிலும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா, பாட்டிமார்தான் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர். பேரப்பிள்ளை பேசும் பேச்சு அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். விண்ணப்பங்களோடும் கோப்புகளோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

நமக்குப் பழக்கமான முறை வேறு. இங்கே ஒரு நுழைவுத் தேர்வு, ஒரு தரவரிசை, ஒரு கலந்தாய்வு. உங்கள் எண் வரும்போது மிச்சம் இருக்கும் இடங்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறீர்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான். பாரிஸ் ஆஸ்பத்திரிகளுக்கான ‘கொன்கூர்’ 1802-லேயே தொடங்கிவிட்டது. அதில் தேறி ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பார்த்தவன் ‘அந்தேர்ன்’, அதாவது உள்ளே இருப்பவன். வெளியிலிருந்து வந்து போனவன் ‘எக்ஸ்தேர்ன்’. அமெரிக்கர் சொல்லும் இன்டர்ன் என்ற சொல் இங்கிருந்து போனதுதான். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு கொன்கூர் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒன்று, அதில் எத்தனை விண்ணப்பம் என்ற கேள்வியே எழாது. தரவரிசை ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும்.

அமெரிக்காவில் அப்படி ஒரே தரவரிசை கிடையாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தானே விண்ணப்பம் வாங்கி, தானே நேர்காணல் நடத்தி, தனக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனால் பெரிய தொல்லை ஒன்றும் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரிகள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய இன்டர்ன்கள் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. நல்ல மாணவனைப் பக்கத்து ஆஸ்பத்திரி கொத்திக்கொண்டு போவதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும் என்று ஒருவரை ஒருவர் முந்தினார்கள். படிப்பு முடிவதற்கு ஆறு மாதம் முன்பு பேசி வைத்தது ஓராண்டு முன்பு என்றாயிற்று. 1940-களின் நடுவில், படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே இடம் பேசி முடிக்கும் நிலை வந்துவிட்டது. பையன் நல்ல வைத்தியனாக வருவானா என்று அவனுடைய வாத்தியாருக்கே தெரியாத காலம் அது. நம் பக்கத்தில் தொட்டிலில் இருக்கும்போதே பெண் பேசி வைப்பார்களே, அந்தக் கதைதான்.

1945-ல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு விதித்தன. குறிப்பிட்ட நாளுக்கு முன் எந்த மாணவனின் மதிப்பெண் விவரத்தையும் பரிந்துரைக் கடிதத்தையும் வெளியே கொடுப்பதில்லை என்றன. முந்துவது நின்றது. ஆனால் தொல்லை வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. இரண்டாவதாக விரும்பிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவனுக்கு அழைப்பு வருகிறது. முதலில் விரும்பிய இடத்தில் அவன் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். அவன் என்ன செய்வான்? கடைசி நிமிடம் வரை பதில் சொல்லாமல் இழுப்பான். எல்லோரும் இழுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஆள் கிடைக்காது. ஆகவே யோசிக்கக் கொடுத்த அவகாசத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1945-ல் பத்து நாள், 1946-ல் எட்டு நாள். 1949-ல் கல்லூரிகள் ஒரு யோசனை சொல்லின: நவம்பர் 15-ம் தேதி நள்ளிரவு 12.01-க்கு எல்லா ஆஸ்பத்திரிகளும் தந்தி அடிக்கட்டும், அன்று நண்பகல் 12 மணிக்குள் மாணவன் பதில் சொல்லட்டும் என்று. அந்த 12 மணி நேரமும் அதிகம் என்று ஆஸ்பத்திரிகளின் சங்கம் மறுத்துவிட்டது! கடைசியில் 12.01-க்குப் பிறகு காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்றே தீர்மானம் எழுதினார்கள். சரியாக 12.01-க்குப் போய்ச் சேரும்படி தந்தியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. தந்தி என்றாலே எழவுச் செய்தி என்று பயந்த தலைமுறை நாம். அந்த ஊர் மாணவர்கள் நள்ளிரவில் தந்திக்குக் காத்துக்கிடந்ததை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றாகத்தான் ‘மேட்ச்’ என்ற ஏற்பாடு பிறந்தது. மாணவன் தான் விரும்பும் ஆஸ்பத்திரிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி ஒரு மைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியும் தான் விரும்பும் மாணவர்களை அப்படியே வரிசைப்படுத்தி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டு மைய அலுவலகம் ஜோடி சேர்த்துவிடும். பேரம் இல்லை, தந்தி இல்லை.

முதலில் வகுத்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடி தூக்கியவர்கள் மாணவர்களே. அந்த முறைப்படி, ஒருவரை ஒருவர் முதலிடத்தில் வைத்த ஜோடிகளை முதலில் சேர்ப்பார்கள். பிறகு அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம். ஆகவே எட்டாத ஆஸ்பத்திரியை ஆசையோடு முதலிடத்தில் எழுதியவன், அது கிடைக்காமல் போனபின் இரண்டாவதற்கு வந்து நிற்பான். அதற்குள் அந்த ஆஸ்பத்திரியை முதலிடத்தில் எழுதிய வேறொருவன் அங்கே உட்கார்ந்திருப்பான். உண்மையை எழுதியவனுக்கு நஷ்டம். தந்திரமாகத் தாழ எழுதியவனுக்கு லாபம். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஹார்டி ஹென்ட்ரன் என்ற மாணவரும் நண்பர்களும் 1951-ல் மற்றக் கல்லூரி மாணவர்களையும் திரட்டி, இது கூடாது என்று வாதாடி, விதியை மாற்ற வைத்தார்கள். ஹென்ட்ரன் பின்னாளில் பாஸ்டனில் பெயர்பெற்ற குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரானார். திருத்திய முறையில் முதல் மேட்ச் 1952-ல் நடந்தது. சுமார் 6,000 மாணவர்களுக்கு 10,000-க்கும் மேற்பட்ட இடங்கள். அட்டைகளைப் பிரித்து அடுக்கும் இயந்திரங்களை வைத்தே அந்த வேலையை முடித்தார்கள்.

திருத்திய முறையின் சூட்சுமம் இதுதான். நடுவில் கிடைக்கும் சம்மதம் எதுவும் முடிவான சம்மதம் இல்லை. ‘இப்போதைக்கு வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது வந்தால் மாறுவேன்’ என்று நிறுத்தி வைப்பதுதான். எல்லோருக்கும் எல்லா வாய்ப்பும் வந்து போன பிறகே முடிச்சு விழும். 1962-ல் கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள், கல்லூரி சேர்க்கையையும் கல்யாணத்தையும் உதாரணமாக வைத்து இதே முறையைக் காகிதத்தில் நிரூபித்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பத்து வருடம் முன்பே அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஆல்வின் ராத் என்பவர் 1984-ல் எடுத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியின் பட்டியலிலிருந்து தொடங்குவதால் அதற்குச் சாதகம் என்ற குறை எழுந்தபோது, 1998 முதல் மாணவர் பட்டியலிலிருந்து தொடங்கும்படி மாற்றியமைத்தவரும் அவரே. இப்படி மாற்றியதால் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இடம் மாறும் என்றும் கணக்குக் காட்டினார். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கேல் அதற்கு நான்கு வருடம் முன்பே காலமாகிவிட்டார்.

நடுவில் ஒரு வழக்கும் உண்டு. எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே கூடையில் கைவிட்டு ஆள் எடுப்பதால் சம்பளம் உயராமல் போகிறது, இது போட்டியைத் தடுக்கும் சதி என்று 2002-ல் சில மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மேட்ச் முறைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. எந்தச் சட்டத்தில் என்கிறீர்கள்? ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்தில், நடுவே ஒரு பிரிவாகச் செருகி! ஓய்வூதியதாரர்கள் நாம் நம் அரசாணைகளைக் கடைசி வரி வரை ஏன் படிக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறதா?

ஆக, விருப்ப வரிசை எழுதும் கட்டத்தில் சூது இல்லை. மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வர நேர்காணல் வேண்டும். நேர்காணல் கிடைக்க விண்ணப்பம் போட வேண்டும். ஒவ்வொருவரும் எத்தனை விண்ணப்பம் போடலாம் என்பதற்கு எவரும் விதி வகுக்கவில்லை. வீட்டின் பின்கட்டை அவ்வளவு ஒழுங்காகக் கட்டியவர்கள் முன்வாசலுக்குக் கதவு வைக்கவில்லை.

பழைய காலத்தில் கதவு தேவைப்படவில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனி படிவம், தட்டச்சு, சான்றிதழ் நகல், கடிதம், தபால் தலை. கார்பன் தாளில் நாலாவது நகலே மங்கிவிடும் என்பது தட்டச்சுப் பொறியோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அலுப்பே ஒரு வரம்பாக இருந்தது. 1990-களின் நடுவில் ‘ஈராஸ்’ என்ற மின்னணு முறை வந்தது. ஒருமுறை நிரப்பினால் போதும். பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டத் தட்ட விண்ணப்பம் போய்க்கொண்டே இருக்கும்.

மனநல மருத்துவத்தில் இதன் விளைவு தாமதமாகத்தான் தெரிந்தது. 1990-களின் இறுதியில் அந்தத் துறைக்கு அமெரிக்க மாணவர்களிடம் மவுசு இல்லை. இடங்களில் ஏறத்தாழ பாதியைத்தான் அவர்கள் நிரப்பினார்கள். மீதிக்கு இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள் வந்தார்கள். அன்றைக்குப் போன நம்மவர் பலர் அங்கே மூத்த மனநல மருத்துவர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘எத்தனை விண்ணப்பம் போட்டீர்கள்?’ என்று கேட்டு, அந்த எண்ணை இன்றைய பிள்ளைக்குச் சொல்வது பயன்படாது. 2010-களின் நடுவிலிருந்து காற்று திசை மாறிவிட்டது. மனநோய் பற்றிய கூச்சம் அந்த நாட்டு இளைஞர்களிடம் குறைந்தது. இரவும் பகலும் அறுவை அரங்கில் நிற்கும் வாழ்க்கை வேண்டாம் என்று நினைப்பவர்களும் கூடினார்கள். இப்போது ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தும் கிட்டத்தட்ட எல்லாம் நிரம்பிவிடுகின்றன.

இதற்கு மேல் இரண்டு நிகழ்ச்சிகள். 2020-ல் கொரோனா வந்து நேர்காணல்கள் கணினித் திரைக்குப் போயின. விமானக் கட்டணமும் ஓட்டல் செலவும் இல்லை என்றானதும், கைநிறைய அழைப்பு வைத்திருப்பவர்கள் எதையும் விடாமல் எல்லாவற்றிலும் கலந்துகொண்டார்கள். 2022 ஜனவரியில், முதல் கட்ட உரிமத் தேர்வுக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தி ‘தேர்ச்சி’ அல்லது ‘தேர்ச்சி இல்லை’ என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கினார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத் தன் நிலையை அளந்துகொண்டிருந்த மாணவனுக்கு அளவுகோல் போய்விட்டது. அளக்க முடியாதபோது மனிதன் கூடுதலாகத்தான் எடுத்துக்கொள்வான்.

வீராம்பட்டினம் தேரன்று பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் ஒருவர் குதிகாலைத் தூக்கினால் பின்னால் இருப்பவரும் தூக்க வேண்டும், அவருக்குப் பின்னால் இருப்பவரும். கடைசியில் எல்லோருக்கும் கால் வலிக்கும். யாருக்கும் தேர் கூடுதலாகத் தெரிந்திருக்காது. அடுத்தவன் 60 போட்டால் நான் 80, நான் 80 போட்டால் அவன் 100. தனித்தனியே பார்த்தால் எவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுபக்கத்தில் என்ன நடக்கும் என்பதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கடைநிலைப் பணியிடங்கள் சிலவற்றுக்கு மூட்டை மூட்டையாக விண்ணப்பம் வந்தது. ஐம்பது வந்தால் படிப்போம். ஐயாயிரம் வந்தால் யாரும் படிப்பதில்லை. தள்ளுவதற்குக் காரணம் தேடுவோம். கையெழுத்து இல்லை, தள்ளு. சான்றொப்பம் இல்லை, தள்ளு. ஒரு நாளில் இத்தனை கட்டு முடிய வேண்டும், அவ்வளவுதான்.

எட்டுப் பத்து இடங்கள் உள்ள ஒரு மனநல மருத்துவப் பயிற்சித் துறைக்கு ஆயிரத்தைத் தாண்டி விண்ணப்பங்கள் வருவது இன்று அங்கே சாதாரணம். படிப்பவர்கள் யார்? பகலில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள்தான். ஆகவே கணினியில் சல்லடை போடுகிறார்கள்: தேர்வு மதிப்பெண் இவ்வளவுக்குக் கீழா, படித்து முடித்து இத்தனை ஆண்டு ஆகிவிட்டதா, விசா வேண்டுமா. இந்தச் சல்லடையில் முதலில் சிக்குபவர்கள் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு இன்னும் அதிகமாகப் போடுகிறார்கள். சல்லடை இன்னும் இறுகுகிறது. மனநல மருத்துவத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். அடுத்தவர் சொல்வதை முழுக்கக் காதுகொடுத்துக் கேட்பதே தொழிலாக உள்ள துறை அது. தான் ஏன் அந்தத் துறைக்கு வந்தேன் என்று ஒரு பெண் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறாள். பெரும்பாலான இடங்களில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை.

செலவும் இருக்கிறது. 2024-25 பருவத்தில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர் என்று வைத்தார்கள். 30 போட்டால் 330 டாலர். 60 போட்டால் 1,230. 100 போட்டால் 2,430. அமெரிக்க மாணவனுக்கு முதல் 30 போதும் என்பதை விலை வழியாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். நம் ரூபாயில் கணக்குப் போடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தபின், இன்னும் 20 போட்டால் கிடைத்திருக்குமோ என்ற சஞ்சலத்தைவிடப் பணம் பெரிதல்ல என்றுதான் எல்லாப் பெற்றோரும் நினைப்பார்கள்.

என்னைக் கேட்டால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். விருப்ப வரிசையில் பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவத் துறைகளை எழுத முடிந்த அமெரிக்க மாணவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடுகிறது. அதைவிடக் குறைவான நேர்காணலோடு உள்ளே போன வெளிநாட்டவரும் உண்டு. ஆக, வேண்டியது அத்தனை நேர்காணல்தானே தவிர அத்தனை விண்ணப்பம் அல்ல. நாட்டிலுள்ள துறைகளின் முழுப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலில் அடிக்க வேண்டியவற்றை அடிக்க வேண்டும். விசா தராத இடம்; நம் பிள்ளை படித்து முடித்த ஆண்டை ஏற்காத இடம்; சில ஆண்டுகளாக வெளிநாட்டில் படித்த ஒருவரைக்கூட எடுக்காத இடம்; கிடைத்தாலும் போக மனமில்லாத இடம். அந்தத் துறைகளில் இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் எங்கே படித்தவர்கள் என்பதைப் பெரும்பாலும் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் பிடிக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் அது முடியும்போது எத்தனை என்ற கேள்விக்கு விடை தாளிலேயே இருக்கும். ஒருவருக்கு அது 35 ஆகலாம், இன்னொருவருக்கு 90 ஆகலாம். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

முன்வாசலுக்குக் கதவு வைக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. அதற்கு ‘சிக்னல்’ என்று பெயர். விண்ணப்பம் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ‘உங்களிடம் வர எனக்கு உண்மையிலேயே விருப்பம்’ என்ற குறியைச் சில இடங்களுக்கு மட்டுமே வைக்க முடியும். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தினர் 2020-ல் இதை முதலில் செய்து பார்த்தார்கள். மனநல மருத்துவத்துக்கு 2022-23 பருவத்தில் வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 5. குறி வைத்த இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, வைக்காத இடத்தைவிடத் தெளிவாகக் கூடியிருக்கிறது. தபால் தலையும் தட்டச்சும் அன்று செய்த வேலையை இன்று இந்தக் குறி செய்கிறது. சிலர் எட்டாத பெரிய இடங்களுக்கே எல்லாக் குறிகளையும் வைத்து வீணாக்குவதாகக் கேள்விப்படுகிறேன். விருப்ப வரிசையில் உண்மையை அப்படியே எழுதலாம் என்றேன் அல்லவா, குறி வைப்பதில் அது பொருந்தாது. இங்கே எட்டுமா என்பதையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மார்ச் மூன்றாவது வாரத்தில் திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வரும். இடம் கிடைத்ததா, இல்லையா என்பது மட்டும் அதில் இருக்கும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். கிடைக்காதவர்களுக்கு அந்த நான்கு நாளில், காலியாக உள்ள இடங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க வாய்ப்பு உண்டு. 2011 வரை இதற்கு எந்த ஒழுங்கும் இல்லை. காலிப் பட்டியல் வெளியான நிமிடத்திலிருந்து தொலைபேசியும் ஃபேக்ஸும் ஓயாது. 1949-ன் நள்ளிரவுத் தந்தி போலவே இருந்திருக்கும். 2012-ல் அதையும் வரிசைப்படுத்தினார்கள். அங்கே மட்டும் ஒருவர் 45 இடங்களுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் விண்ணப்பத்துக்கும் அப்படி ஒரு வரம்பு வேண்டும் என்று அங்குள்ள பேராசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பலவீனமான விண்ணப்பதாரருக்கு அது பாதகம், சட்டச் சிக்கலும் வரும் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவர்களுக்கு அதில் அவசரம் இருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. இன்றுவரை அந்த வரம்பு வரவில்லை.